கவரைப்பேட்டையில் ஏறுகிறவள்

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் எப்படியாவது அவள் கண்ணில் பட்டுவிடும். பட்டுவிட்டால், "பாத்தியா, அக்கா என்னப் பத்தி எழுதிக்கீது" என்று கவரைப்பேட்டை முழுக்கக் காட்டிக்கொண்டு திரிவாள். அந்த சந்தோஷத்தையும் அவளுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஏற்கெனவே என்னிடமிருந்து வாங்கியது போதும்.

அவளுக்குக் கேட்பதற்கு வெட்கமே கிடையாது. நாமெல்லாம் ஒன்றைக் கேட்பதற்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொள்வோம். தப்பாக நினைக்காதீர்கள் என்போம். கேட்டு முடித்த கையோடு, முடியாவிட்டால் பரவாயில்லை என்று நாமே அதைத் திருப்பியும் வாங்கிக்கொள்வோம். அவளுக்கு இந்த முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வேண்டும் என்றால் வேண்டும். இதைப் பற்றி ஒரு நாள் கேன்டீனில் யாரோ கேலி பேசியபோது, "கேக்கறதுல இன்னா கீது? குடுத்தா உக்காரப் போறேன், குடுக்காட்டி நிக்கப் போறேன்" என்றாள். எனக்குத் தெரிந்து யாரும் அவளை நிற்க விட்டதில்லை.

இரண்டு பேருக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரே கம்பெனி. காருக்குள் ஓடுகிற ஒயர்களைக் கற்றையாகக் கட்டி, நுனியில் கனெக்டர் மாட்டுகிற வேலை. கம்பெனி பஸ் காலையில் ஆரணியில் புறப்படும். பட்டுப்புடவைக்குப் பேர்போன ஆரணி வேறு. இது பொன்னேரிப் பக்கத்தில் ஆற்றை ஒட்டி இருக்கிற எங்கள் ஆரணி. பஸ் புதுவாயல் வந்து ஹைவேயைப் பிடித்து, கவரைப்பேட்டையில் நின்று, கும்மிடிப்பூண்டியையும் தாண்டி ஆரம்பாக்கம் வரை போய் அங்கே இருப்பவர்களையும் அள்ளிக்கொண்டு, திரும்பி வந்துதான் கம்பெனி கேட்டுக்குள் நுழையும். நான் ஆரணியில் ஏறுகிறவள். அவள் கவரைப்பேட்டையில்.

ஆரணியில் ஏறுவதில் ஒரே ஒரு லாபம் உண்டு. பஸ் காலியாக இருக்கும், பிடித்த இடத்தில் உட்காரலாம். நான் டிரைவருக்குப் பின்னால் நாலாவது வரிசை ஜன்னலோரத்தைப் பிடித்து வைத்திருந்தேன். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் வருகிற இடம் அது. பஸ் எவ்வளவு குதித்தாலும் அங்கே குலுக்கல் குறைவு. எஞ்சின் சூடு எட்டாது. முன்னால் இருக்கிற கம்பியில் காலை ஊன்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்து, கடைசியில் தேர்ந்தெடுத்த இடம்.

இவ்வளவு பார்த்ததற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு முந்தைய வருஷம் எனக்கு ஒரு முறை தங்கி, ஆரம்பத்திலேயே கலைந்துபோனது. அப்போது என் வீட்டுக்காரர் பைக்கில்தான் வேலைக்குப் போய்வந்தேன். ரோடு போடுவதற்காக வழி முழுக்க ஜல்லி கொட்டியிருந்த சமயம் அது. வண்டியில் போனதால் கலையவில்லை, இவ்வளவு சீக்கிரம் போவது பெரும்பாலும் தானாகப் போவதுதான், உன் மேல் தப்பே இல்லை என்று டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மாமியார் அதை ஏற்கவில்லை. நாள் தள்ளிப்போன உடனே ஊரெல்லாம் சொன்னோம், யார் கண்ணோ பட்டுவிட்டது என்றார். நான் டாக்டரையும் நம்பவில்லை, மாமியாரையும் நம்பவில்லை, ஜல்லியை நம்பினேன். ஒரே வீட்டில் ஆளுக்கொரு காரணத்தை வைத்துக்கொண்டு இருந்தோம்.

அடுத்தது தங்கினால் குலுங்காமல் போய்வர வேண்டும் என்றுதான் பைக்கை விட்டுக் கம்பெனி பஸ்ஸுக்கு மாறினேன். இன்னும் வராத பிள்ளைக்கு முன்கூட்டியே இடம் பிடித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பஸ்ஸில் கர்ச்சீப் போட்டு இடம் பிடிப்பதில்லையா, அப்படித்தான்.

அந்த இடத்தைத்தான் அவள் கேட்டாள்.

முந்தின நாள்தான் வீட்டில் டெஸ்ட் பண்ணி இரண்டு கோடு பார்த்திருக்கிறாள். வேறு யாராவது என்றால் புருஷனிடம் சொல்லவே ஒரு பொழுது யோசிப்பார்கள். இவள் கவரைப்பேட்டையில் பஸ் படியில் ஒரு கால் வைத்தபடியே டிரைவரிடம் சொன்னாள். "அண்ணா, நான் மாசமா இருக்கேன். இன்னிலேர்ந்து பொறுமையா ஓட்டுணா."

மொத்த பஸ்ஸும் கேட்டது. அந்த டிரைவர் கன்டெய்னர் லாரியை இடது பக்கம் ஏறி முந்துகிற ஆள். அவருக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. சரிம்மா, சரிம்மா என்று இரண்டு தடவை சொன்னார். அவள் உள்ளே வந்து, கடையில் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டே நடந்து, என் முன்னால் நின்றாள். இந்தச் சீட்டைக் கொடு அக்கா, பின்னால் தூக்கித் தூக்கிப் போடுகிறது என்றாள். அத்தனை சீட்டில் எது நல்ல சீட்டு என்று ஒரு நொடியில் கண்டுபிடித்த அந்தப் புத்தியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிகிறது.

எழுந்துகொண்டேன். மாசமாக இருக்கிற பெண் கேட்கும்போது வேறு என்ன செய்வது. கடைசி வரிசையில் நடுவில் எப்போதும் ஓர் இடம் காலியாக இருக்கும். யாரும் உட்கார மாட்டார்கள், ஏனென்றால் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் அங்கே இருப்பவர் அந்தரத்தில் ஒரு தரம் இருந்துவிட்டு வர வேண்டும். அன்றையிலிருந்து அது என் இடம். ஆரணியிலிருந்து கவரைப்பேட்டை வரைக்கும் நல்ல சீட்டு, அதற்குப் பிறகு அந்தரம்.

பின்னால் உட்கார்ந்ததில் அவளைப் பார்த்துக்கொண்டே வருவதற்கு வசதியாகப் போயிற்று. அதுவும் ஒரு கொடுமை. உட்கார்ந்த உடனே செருப்பைக் கழற்றுவாள். பழைய புடவையில் பஞ்சு வைத்துத் தைத்த சின்னத் தலகாணி ஒன்றைப் பையிலிருந்து எடுத்து இடுப்புக்கு முட்டுக் கொடுப்பாள். சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்து அதன் மேல் பாதத்தைத் தூக்கி வைத்து, கணுக்காலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுழற்றுவாள். தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடிப்பாள். குமட்டினால் உப்பு நெல்லிக்காய். பசித்தால் பொரி. ரயில்வே கேட்டில் பஸ் நின்றால் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு இடுப்பை நிமிர்த்துவாள். ஜன்னல் காற்று வேண்டும் என்றால் முன் சீட்டுக்காரரிடம் கண்ணாடியைத் தள்ளச் சொல்வாள். வெயில் அடித்தால் அதே ஆளிடம் மூடச் சொல்வாள். அவரும் செய்வார். ஏதோ அந்த பஸ்ஸே அவளுக்காக அவள் நைனா வாங்கி விட்டது மாதிரி இருக்கும்.

அவள் வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் அவளைக் காலையில் பைக்கில் கொண்டுவந்து ஸ்டாப்பில் விடுவார். பைக் என்றால் பைக் இல்லை, தேர். நடந்து வருகிறவர்கள் அவர்களை முந்திப் போவார்கள். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிப்பான், அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். இறங்கும்போது வண்டியை நிறுத்தி, ஸ்டாண்ட் போட்டு, கையைக் கொடுப்பார். அவள் உட்கார்ந்துவிட்டாள் என்று ஜன்னல் வழியாகப் பார்த்த பிறகுதான் கிளம்புவார். என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்குத் தெரிந்தது, "சீக்கிரம் ஏறு, டைம் ஆச்சு" என்பதுதான். ஒரு நாள் அவரிடம், அந்தப் பெண்ணின் புருஷனைப் பாருங்கள் எவ்வளவு பதமாக வண்டி ஓட்டுகிறார் என்று சொன்னேன். அவர், "அப்படி ஓட்டினா மைலேஜ் கெடைக்காதே" என்றார்.

எங்கள் பக்கம் மெதுவாக என்று சொல்ல மாட்டோம், பொறுமையாக என்போம். பொறுமையா நட, பொறுமையா ஊத்து, பொறுமையா போ. அந்தச் சொல்லை அவள் நாளுக்குப் பத்துத் தரம் சொல்வாள், அத்தனை பெரிய வண்டி அவளுக்காக வேகத்தைக் குறைக்கும். அதே சொல்லைத்தான் எனக்கும் எல்லோரும் சொன்னார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷமாகிறதே என்று கேட்பவர்கள், கேட்டு முடித்ததும், "பொறுமையா இரு, எல்லாம் நடக்கும்" என்பார்கள். அவளுக்கு அது கட்டளை, எனக்கு அது வாயை மூடிக்கொள். இந்தப் பொறுமையைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குப் பொறாமை வந்தது என்று நினைக்கிறேன்.

கம்பெனியிலும் அப்படித்தான். லைனில் நாங்கள் நின்றுகொண்டே வேலை செய்வோம். அவள் நேராக சூப்பர்வைசரிடம் போய், ஸ்டூல் போட்டுச் செய்கிற செக்கிங் வேலையைக் கொடுங்கள் என்று கேட்டாள். மறுநாள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அந்த வேலையை மூன்று வருஷமாக மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தவள் நான்.

இப்படி இருக்கும்போதுதான் எனக்கும் நாள் தள்ளிப்போனது. அவளுக்கு அப்போது வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. மாமியார் என்னையும் என் வீட்டுக்காரரையும் சாமி படத்துக்கு முன்னால் நிற்க வைத்து, மூன்று மாசம் முடிந்து ஸ்கேன் பார்க்கிற வரை வெளியில் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கினார். நான் சந்தோஷமாகச் சத்தியம் செய்தேன். இந்த முறை எப்படியாவது நிற்க வேண்டும். கண்ணோ ஜல்லியோ, எதற்கும் இடம் கொடுக்கக் கூடாது.

மறுநாள் காலை பஸ்ஸில் நாலாவது வரிசையில் உட்கார்ந்தபோது, இதற்குத்தானே இந்தச் சீட்டு என்று நினைத்துக்கொண்டேன். கவரைப்பேட்டை வந்தது. அவள் ஏறினாள். வந்து நின்றாள். நான் எழுந்திருக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். இத்தனை நாள் எழுந்தவள் இன்றைக்கு ஏன் உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒருத்தி கேட்டால் போதும், இன்னொருத்தி கணக்குப் போட்டுவிடுவாள். உட்கார்ந்திருப்பதும் சொல்வதும் ஒன்றுதான். எழுந்துகொண்டேன். யாரும் கண் வைக்கக் கூடாது என்பதற்காக, இருப்பதிலேயே மோசமான சீட்டில் போய் உட்கார்ந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் இரண்டு கையாலும் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்து, உடம்பைச் சீட்டிலிருந்து தூக்கிக்கொள்வேன். முன்னால் அவள் தலகாணியில் சாய்ந்து நெல்லிக்காய் சப்பிக்கொண்டிருப்பாள்.

அப்போது வந்த பொறாமையைப் போல அதற்கு முன் எனக்கு வந்ததில்லை. முன்பெல்லாம் அவளிடம் இருந்தது என்னிடம் இல்லை. இப்போது என்னிடமும் இருந்தது. அவளுக்கு அதைச் சொல்ல வாய் இருந்தது, எனக்கு இல்லை. முதல் நாளே ஊரறியச் சொன்னவளுக்கு ஒன்றும் ஆகவில்லையே, எந்தக் கண்ணும் அவளை அண்டவில்லையே என்று தினமும் நினைத்தேன். நினைத்த உடனே பயம் வரும். அந்த பஸ்ஸில் அவள் மேல் விழுந்த கண்களிலேயே கொடிய கண் என்னுடையதுதான்.

அந்தப் பயம் ஒரு தடவை மூன்று நாள் என்னை ஆட்டிவைத்தது. திடீரென்று அவள் வேலைக்கு வரவில்லை. ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று, கவரைப்பேட்டையில் அவளும் இல்லை, அந்தத் தேரும் இல்லை. எனக்கு நல்ல சீட்டு கிடைத்தது. அதில் உட்காரவே முடியவில்லை. என் கண்ணால்தான் ஏதோ ஆகிவிட்டது என்று தோன்றிவிட்டது. வீட்டில் யாரும் இல்லாத சமயம் பார்த்து உப்பும் மிளகாயும் எடுத்து, கவரைப்பேட்டை இருக்கிற திசையைப் பார்த்து மூன்று சுற்றுச் சுற்றினேன். யார் கண்ணு என்று சொல்லிச் சுற்றுவது வழக்கம். என் கண்ணு, என் கண்ணு என்று சொல்லிச் சுற்றி அடுப்பில் போட்டேன். மிளகாய் நெடியே வரவில்லை. கண் அவ்வளவு பலமாகப் பட்டிருக்கிறது என்று இன்னும் பயந்துபோனேன்.

நாலாவது நாள் வந்து ஏறினாள். நெல்லூரில் சித்தப்பா மகள் கல்யாணமாம். ரயிலில் போய்வந்திருக்கிறாள். டாக்டரிடம் கேட்டாளாம், இந்த மாசத்தில் ரயிலில் தாராளமாகப் போகலாம், நடுநடுவே எழுந்து நடந்துகொள் என்றாராம். அவளுக்கு மேல் பர்த்தான் கிடைத்ததாம். கீழே படுத்திருந்த ஆளிடம் கேட்டு அவரை மேலே ஏற வைத்து, அவர் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள வீட்டிலிருந்து கொண்டுவந்த ஊறுகாயையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாளாம். "நல்ல மனுசன்கா, ரெண்டு துண்டு குடுத்தாரு" என்று சொல்லிக்கொண்டே என் முன்னால் வந்து நின்றாள். நான் எழுந்துகொண்டேன். அவளுக்காகப் பட்ட பயமெல்லாம் வீணாய்ப் போயிற்றே என்று அன்று முழுக்க அவள் மேல் கோபமாக இருந்தது.

பங்க்கில் பஸ்ஸை நிறுத்தியதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பிரச்சினை அங்கேதான் முற்றியது. கும்மிடிப்பூண்டி தாண்டி ஹைவேயில் ஒரு பெட்ரோல் பங்க் உண்டு. ஒரு நாள் காலையில், பஸ் நல்ல வேகத்தில் போகும்போது, அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள், ஒண்ணுக்கு வருகிறது, பங்க்கில் நிறுத்து என்று. ஆண்களெல்லாம் போனைப் பார்த்தார்கள். டிரைவர் நிறுத்தினார். லேட்டாகிவிடும் என்று ஒருவர் முணுமுணுத்தார். அவள் அவசரமே படாமல் படியில் ஒவ்வொரு காலாக இறங்கி, போய், கை கால் கழுவி, முகத்தையும் கழுவி, புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். படியில் நின்று உள்ளே பார்த்து, "யார்னா வரதுன்னா போய்ட்டு வாங்க. அண்ணா நிறுத்திக்கினுதான் இருக்காரு" என்றாள்.

அப்புறம் ஆரம்பாக்கத்தில் ஏறப்போகிறவர்களுக்கு நேரமாகிறதே என்று சொல்லிக்கொண்டே ஒருத்தி இறங்கினாள். அவள் பின்னால் இன்னொருத்தி. பெண்கள் வரிசையே கட்டிவிட்டார்கள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அந்த பஸ்ஸில் வருகிற பெண்கள் யாருமே காலையில் தண்ணீர் குடிப்பதில்லை. வருஷக்கணக்காக, வழியில் வந்துவிடுமே என்று பயந்து, வறண்ட தொண்டையோடு வந்துகொண்டிருந்தோம். அன்றையிலிருந்து அவள் தினமும் குரல் கொடுக்க, பங்க் ஒரு ஸ்டாப் ஆகிவிட்டது.

நான் இறங்கவில்லை. எனக்குத்தான் எல்லோரையும் விட அவசரம். ஆனால் அவள் திறந்துவிட்ட வழியில் நான் போக மாட்டேன் என்று ஒரு வீம்பு. தினமும் போனால் ஏன் என்று கேட்பார்கள் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. கம்பெனிக்குப் போகிற வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தண்ணீரையும் குறைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் கேன்டீனில் அவளுக்கு வளையல் போட்டோம். எல்லோரும் போட்டு முடித்ததும், பிள்ளை வேண்டும் என்று இருக்கிறவர்களுக்கு அவள் கையால் வளையல் போட வைப்பது வழக்கம். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அந்தப் பார்வையில் இருந்த இரக்கம் எனக்குத் தாங்கவில்லை. எனக்குள்ளும் ஒன்று இருக்கிறது, இது உங்களுக்குத் தெரியாது என்று கத்த வேண்டும் போல இருந்தது. அவள் என் கையைப் பிடித்து ஒரு பச்சை வளையலை ஏற்றினாள். "அக்கா, உனக்கு எதுனா வேணும்னா கேளுக்கா" என்றாள். எனக்கு என்ன வேண்டும், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விட்டேன். பெரிய மகாராணி, கேட்டால் கொடுத்துவிடுவாளாம் என்று வாய்க்குள் திட்டினேன்.

அடுத்த வாரம் காய்ச்சலில் படுத்தேன். நீர் பிரியும்போது நெருப்பாக எரிந்தது. மாமியார் உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார். கேட்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். டாக்டர் மாத்திரை எழுதினார். நர்சம்மா என்னைத் தனியாக உட்கார வைத்து, பஸ்ஸில் போவதால் ஒன்றும் ஆகாது, தண்ணீர் குடிக்காமல், வந்ததை அடக்கிக்கொண்டு போகிறாயே, அதுதான் ஆபத்து, இந்தக் கிருமி மேலே ஏறினால் பிள்ளைக்கே ஆகாது என்று திட்டினார். வழியில் நிறுத்தச் சொல்லிக் கேட்பதற்கு என்ன என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணும் இல்லை, ஜல்லியும் இல்லை. திறக்காத என் வாயால்தான் இந்தப் பிள்ளைக்கு ஆபத்து.

ஒரு வாரம் கழித்து வேலைக்குக் கிளம்பினேன். மாமியாரின் கெடு இன்னும் முடியவில்லை. முடியாவிட்டால் போகிறது, இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்து, செம்பு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஏறினால் நாலாவது வரிசையில் ஸ்டோர்ஸில் வேலை செய்கிற ஒரு பெரிய மீசைக்காரர் உட்கார்ந்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு வாரம் லீவு போட்டால் சீட்டுக்குப் புது ஆள் வந்துவிடும். நான் பழக்கப்படி கடைசி வரிசைக்கே போனேன். கவரைப்பேட்டையில் பஸ் நின்றது. அவள் ஏறவில்லை. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். அப்பாடா என்றும் இருந்தது, இனிமேல் பங்க்கில் யார் நிறுத்தச் சொல்வார்கள் என்றும் இருந்தது.

கும்மிடிப்பூண்டி தாண்டியது. எழுந்தேன். கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் நடந்தேன். டிரைவர் பக்கத்தில் போய் நின்று தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவர் இண்டிகேட்டரைப் போட்டு பஸ்ஸைப் பங்க்குக்குள் திருப்பிவிட்டார். கண்ணாடியில் என்னைப் பார்த்து, "எறங்கும்மா, பொறுமையா எறங்கு. அந்தப் பொண்ணு சொல்லிட்டுத்தான் போச்சு. கடைசி சீட்டு அக்காவும் மாசமா இருக்காங்க, அவங்க வாயத் தொறந்து கேக்க மாட்டாங்க, நீயே நிறுத்திடுணான்னு" என்றார்.

எப்போது சொன்னாள் என்று கேட்டேன். வளையல் போடுவதற்கு முன்னாலேயே என்றார்.

இறங்கிப் போனேன். வெளியே வந்தபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. எனக்குத் தெரியாமல் என் ரகசியம் அவளிடம் இருந்திருக்கிறது. போகட்டும். முழுசாக ஒரு வாரம் மனசைத் திடப்படுத்தி, இன்றைக்குக் கேட்கலாம் என்று வந்தால், அதையும் எனக்கு முன்னால் அவளே கேட்டு வைத்திருக்கிறாள். அதுவும் போகட்டும். என்னை மாசமென்று தெரிந்துகொண்டே தினமும் என் முன்னால் வந்து நின்று என் சீட்டைக் கேட்டிருக்கிறாளே. பங்க் சுவர் ஓரமாக நின்று அவளுக்குப் போன் போட்டேன்.

அவள் எதையும் மறைக்கவில்லை. "ஆமாக்கா, தெரியும். டீ குடிக்கும்போது ஒயர் நாத்தத்துக்கு மூக்கப் பொத்திக்கினு ஓடினியே, அன்னிக்கே தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சுமா தெனமும் என்ன எழுப்பி உட்டுட்டு உக்காந்த?"

"நீ மாட்டேன்னு சொல்லுவன்னுதான் தெனமும் உன் மூஞ்சப் பாத்துக்கினு நின்னேன். நீ எந்திரிச்சிட்ட. எனக்கும் இடுப்பு வலிக்கா, நான் உக்காந்துட்டேன்."

அவளே, இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டாள். கடைசி வரிசையில் என்றேன். நாலாவது வரிசையில் யார் என்றாள். ஸ்டோர்ஸ் மீசைக்காரர், தூங்குகிறார் என்றேன். "போய் எழுப்பிக் கேளுக்கா. நான் லைன்லயே கீறேன்" என்றாள்.

அவளுக்குப் பயந்துதான் போனேன். லைனில் அவள் இருக்கும்போது கேட்காமல் கடைசி வரிசைக்குப் போனால் அந்த அவமானம் காலத்துக்கும் போகாது. போனைக் காதில் வைத்துக்கொண்டே படியேறி, நாலாவது வரிசையில் நின்று, அவர் தோளைத் தொட்டேன். கண்ணைத் திறந்தார். நான் மாசமாக இருக்கிறேன், இந்தச் சீட்டு எனக்கு வேண்டும் என்றேன். குரல் பெரிதாக வந்துவிட்டது. பஸ் மொத்தமும் கேட்டது. மாமியாரின் சத்தியம் அத்தோடு போயிற்று.

அவர் எழுந்துவிட்டார். ஏன் என்று கேட்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. "உக்காரும்மா" என்று பையை எடுத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி நின்று, விட்ட தூக்கத்தை நின்றுகொண்டே தூங்க ஆரம்பித்தார். ஆரம்பாக்கத்திலிருந்து திரும்பி வருகிற வரை அவருக்கு முழிப்பு வரவில்லை.

"எந்திரிச்சாரா?" என்றாள் போனில்.

"எந்திரிச்சாரு."

"அவ்ளோதாங்கா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

என் மகள் வயிற்றில் இருந்த மிச்ச மாசம் முழுக்க அந்தச் சீட்டில்தான் போய்வந்தேன், பங்க்கில் முதல் ஆளாக இறங்கினேன். ஆனால் அன்றைக்கு, அங்கே முதல் முறை அவளைப் போல உட்கார்ந்தபோது, எனக்கு நன்றியும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. இவ்வளவுதானா, இவ்வளவு சுலபமாகவா இவள் இத்தனை நாளும் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டிருந்தாள் என்றுதான் வந்தது. வயிறு எரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கம்பெனி கேட் வரைக்கும் அழுதேன்.